எரிமலைக்கு ஒரு சாந்தி ஹோமம்

அம்மாவின் உடம்பில் இருக்கும் பாதரசம் சுமத்ராவிலிருந்து காற்றில் வந்தது என்று கம்பெனி கண்டுபிடித்த அன்று, எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

நான் அந்தக் கம்பெனியின் கேண்டீனில் வேலை செய்கிறேன். கேண்டீனை நடத்துபவர் நஜ்முதீன் நானா. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டு வந்தவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று சொல்வார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நான் முதல் வரியைத் தாண்ட மாட்டேன். கேண்டீனில் யாரும் வாசிக்கச் சொல்வதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்குள் போனாலும் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. தேநீர் கொண்டு வருகிறவளுக்குக் காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கம்பெனி மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஓயாத சாலையில் இருக்கிறது. பழைய டியூப்லைட்டுகளை உடைப்பதுதான் அதன் தொழில். ஆபீஸ்களிலும் கடைகளிலும் எல்இடி விளக்கு வந்த பிறகு, கழற்றிப் போட்ட டியூப்லைட்டெல்லாம் இங்கேதான் வருகிறது. உடைத்து, கண்ணாடியைத் தனியாக, அலுமினிய மூடிகளைத் தனியாக, உள்ளே இருக்கிற வெள்ளைத் தூளைத் தனியாகப் பிரிப்பார்கள். அந்தத் தூளில்தான் பாதரசம் இருக்கிறது. வாசல் பலகையில் ஒரு பச்சை இலையை வரைந்து, பூமியைக் காப்போம் என்று மலாயில் எழுதியிருப்பார்கள்.

அம்மாவின் பெயர் செல்லம். ஆறு வருடமாக உடைக்கும் அறையில் வேலை. போன வருடம் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் குவளை தட்டில் மோதி ஓசை எழுப்பியது. பிறகு ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். வாயில் எப்போதும் இரும்புச் சுவை என்று குழம்பில் புளியைக் கூட்டினாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். என் மேல்தான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்துவிட்டு, இது பாதரசம், அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், கோபம் என் மேல் இல்லை என்று தெரிந்தது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "வேலை வேணும். அந்த ரூம் வேணாம். வேற எங்கயாச்சும் போடுங்க. கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவறேன்."

அறையை மாற்றிக் கொடுத்தால், அந்த அறையில் ஏதோ சரியில்லை என்று கம்பெனியே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் மேனேஜர் லிம் மாற்றவில்லை. அதற்குப் பதிலாகப் பாதுகாப்பு அதிகாரி மதிவாணன் சாரை அனுப்பி எங்களுக்கு விளக்கம் கொடுக்கச் சொன்னார்.

விளக்கக் கூட்டம் எங்கள் குடியிருப்பான தாமானில் உள்ள கோயில் மண்டபத்தில் நடந்தது. உடைக்கும் அறையில் வேலை செய்கிற பெண்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். கோயில் தலைவர் ஐயாசாமி. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்ட்ராக்டரும் அவரேதான். வாரத்தில் ஆறு நாள் அவருடைய வேனில் ஏறிப் போகிறவர்கள், ஏழாம் நாள் அவர் நீட்டுகிற தட்டில் விபூதி எடுத்துக்கொள்வார்கள்.

மதிவாணன் சார் நல்ல மனிதர். பல்கலைக்கழகத்தில் படித்தவர். பேசும்போது யாருடைய கண்ணையும் பார்க்க மாட்டார். அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதி. திரையில் புகை கக்குகிற ஒரு மலையைக் காட்டினார்.

"அக்கா, பாதரசம்னாலே கம்பெனிதான்னு நெனச்சுடாதீங்க. அது பூமிக்குள்ளயே இருக்கு. சுமத்ராவுல இருக்கிற குனோங் பெராப்பி, அதான் எரிமலை, அது வெடிக்கும்போது மட்டுமில்ல, சும்மா புகைஞ்சிட்டிருந்தாலும் பாதரசத்த ஆவியா வெளிய விடும். அந்த ஆவி சட்டுன்னு கீழ எறங்காது. மாசக்கணக்குல காத்துலயே சுத்தும். கடல் தாண்டும், நாடு தாண்டும்."

"பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்களா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்களில் தினமும் வேலைக்காகச் சிங்கப்பூர் பாலத்தில் வரிசை நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு நான் கைபேசியில் தேடிப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். எரிமலைப் பாதரசம் எவ்வளவு தூரம் வரும் என்று அவர் சொன்னார். எவ்வளவு வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்களும் நானும் மூச்சு விடுகிற சாதாரணக் காற்றில், எல்லா எரிமலைகளும் எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்து கலந்திருப்பது அவ்வளவு கொஞ்சம். அதைக் கொண்டு ஒரு கையை ஆட்டிவைக்க முடியாது.

ஆனால் எங்கள் ஆட்கள் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. சுமத்ராவில் காடு எரிந்தால் இங்கே ஜெரெபு என்கிற புகைமூட்டம் வந்துவிடும். பள்ளிக்கூடம் மூடுவார்கள், துணி காயாது, குழந்தைகள் இருமும். கெட்டது எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

அம்மா எழுந்து நின்றாள். "சார், எனக்கு ஒரு சந்தேகம். எரிமலை எல்லாருக்கும் பொதுதானே? அப்ப நம்ம தலைவர் அண்ணன் கை ஏன் ஆடல?"

மதிவாணன் சார் தரையைப் பார்த்தார். ஐயாசாமி அங்கிள் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தில் கிடந்த சாம்பல் நிற மணியை வெளியே எடுத்துக் காட்டினார்.

"நான் ரசமணி போட்டிருக்கேன் செல்லம். கட்டின பாதரசம். மூலிகைல போட்டுக் கல்லாட்டம் இறுக்கினது. குளுவாங்ல ஒரு வைத்தியர்கிட்ட வாங்கினேன். பாதரசத்தப் பாதரசம்தான் தடுக்கும்."

"அப்ப என் ஒடம்புல இருக்கிறதே போதுமேண்ணே," என்றாள் அம்மா. "நான் தனியா எதுக்கு வாங்கணும்?"

மண்டபம் மறுபடியும் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. சார், மலைதான்னா மலைதான். நான் ஒத்துக்கறேன். ஆனா அளந்து காட்டுங்க. ரூம்ல ஒரு வாரம் அளங்க, எங்க தாமான்ல ஒரு வாரம் அளங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி வந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். அந்த ரூம்லயே இருந்துடறேன்."

மதிவாணன் சார் அன்றைக்கு முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். தன்னால் சொல்ல முடியாததை ஒரு பெட்டி சொல்லிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் தெளிந்தது. "நல்ல யோசனைக்கா. கண்டிப்பா செய்யலாம்."

*

காற்றை அளக்கிற பெட்டி வந்தது. சோற்றுப் பானை அளவுதான் இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் காற்று சரி, சிவப்பு எரிந்தால் சரியில்லை.

முதல் வாரம் அது உடைக்கும் அறையில் இருந்தது. அந்த வாரம் பார்த்துப் பெரும்பாலான மெஷின்களை சர்வீசுக்கு என்று நிறுத்திவிட்டார்கள். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். எப்போதும் பூட்டிக் கிடக்கிற பின்கதவைத் திறந்து வைத்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்: "ஆறு வருசத்துல இன்னிக்குத்தான் அந்தத் தரை என்ன கலர்னு பார்த்தேன். பச்சை, பாப்பா. அழகான பச்சை."

அடுத்த வாரம் பெட்டி கோயில் மண்டபத்துக்கு வந்தது. அங்கேதான் கரண்டும் இருந்தது, பூட்டும் இருந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது அம்மா மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். வருகிற வழியில் எதையாவது முணுமுணுத்துப் பாடுவாள். அவள் பாடி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐயாசாமி அங்கிள் ஒரு ஹோமம் ஏற்பாடு செய்தார். எரிமலை சாந்தி ஹோமம்.

குருக்களுக்குத் தயக்கம். "எரிமலைக்குன்னு தனியா மந்திரம் இல்லீங்களே."

"அக்னிக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"மலைக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க சாமி. சுமத்ரால இருக்கிறது ரெண்டும் சேர்ந்ததுதானே."

செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. தன் விளக்கத்தை ஒரு தெய்வமும் ஏற்றுக்கொள்ளப் போகிறது என்றால் எந்த மேனேஜர்தான் வேண்டாம் என்பார்? மண்டப வாசலில் பச்சை இலைப் பதாகை தொங்கியது. நஜ்முதீன் நானா கேண்டீனின் பெரிய அண்டாவைக் கொடுத்தனுப்பினார். "எடுத்துட்டுப் போ சாந்தினி. எங்க பள்ளிவாசல் பக்கமும் அதே காத்துதான் வீசுது."

ஹோமம் முடியப்போகிற நேரம். நான் பின்பக்கம் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தேன். பூர்ணாகுதிக்கான சிவப்புப் பட்டுத் துணியை ஐயாசாமி அங்கிள் அங்கே திண்டின் மேல் விரித்து வைத்திருந்தார். கொப்பரை, ஜாதிக்காய், கொஞ்சம் காசு எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் நெருப்பில் போடுகிற மூட்டைக்குள் அவரவர் உயர்வாக நினைக்கிற பொருளை வைப்பது எங்கள் கோயில் வழக்கம். அவர் பையிலிருந்து ஒரு மாலையை எடுத்தார். முழுக்க ரசமணி. ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பெருமையாகச் சொன்னார். "என்ன முழிக்கிற? மலை நமக்கு இத அனுப்புது. நாம இதையே திருப்பி அனுப்பறோம். வந்த வழியே போயிடணும் பாரு, அதுக்குத்தான்."

மூட்டை நெருப்பில் விழுந்தது. நெய் ஊற்றினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. சிறிது நேரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. கீச் கீச்சென்று கத்தவும் செய்தது.

"அலமாக்! பாருங்க, பாருங்க," என்றார் ஒருவர். "மெஷினுக்கே அருள் வந்துருச்சு."

பெண்கள் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அதற்கு ஒரு செம்பருத்திப் பூவும் வைத்தாள். புகை ஆகாது என்று வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் எழுந்து வாசலுக்கு வந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

செவ்வாய்க்கிழமை கேண்டீன் அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. நீலக் கோடு உடைக்கும் அறை. அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சிவப்புக் கோடு எங்கள் தாமான். அதுவும் படுத்துக்கொண்டே வந்து, ஞாயிற்றுக்கிழமையில் தென்னைமரம்போல எழுந்து நின்றது.

மேனேஜர் லிம் அதன் முன்னால் நின்று காபி குடித்தார். "பாத்தீங்களா லா? என் ஃபேக்டரிய விட உங்க தாமான்தான் மோசம். மலைல இருந்து காத்து அன்னிக்கு நேரா உங்க பக்கம் வந்திருக்கு," என்று மலாயில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது.

அன்று மாலை, வேலை முடிந்து வேனுக்கு நிற்கும்போது, நான் அம்மாவிடம் ரசமணி மாலையைப் பற்றிச் சொன்னேன். எதையும் முழுதாகச் சொல்ல எனக்கு நேரமாகும். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, மறுநாள் வரை காத்திருக்காமல், கம்பெனி வாசலில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த மதிவாணன் சாரைப் போய்ப் பிடித்தாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"சார், அந்தச் செவப்புக் கோடு மலை இல்ல. எங்க தலைவரு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "தெரியும்க்கா. கோடு ஏறின நேரமும் பூர்ணாகுதி நேரமும் ஒண்ணுதான். கட்டின பாதரசம்னு சொன்னாலும் நெருப்புல போட்டா கட்டு விட்டுடும். ஆவியா வந்துடும்."

"தெரிஞ்சும் ஏன் சார் எழுதல?"

"எழுதினா என்ன ஆகும்னு யோசிங்க. கம்பெனி செலவு பண்ணின ஹோமத்துல, கோயில் தலைவர் கையால, ஊருக்கே பாதரசப் புகை போட்டாங்கன்னு வரும். கம்பெனிக்கு ஆகாது. கோயிலுக்கு ஆகாது. சாமி மேல பழி போட்டான்னு என்னைய இந்தத் தாமான் பக்கமே விட மாட்டாங்க. எரிமலைன்னா யாருக்கும் பிரச்சன இல்ல. அதுக்கு யூனியன் இல்ல, கமிட்டி இல்ல, வக்கீலும் இல்ல."

"எனக்குப் பிரச்சன இருக்கு சார்."

"ஆமாக்கா," என்றார். வண்டியைக் கிளப்பினார்.

அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாள். இரண்டு முறை தட்டு கை நழுவி விழுந்தது. மூன்றாவது முறை அவளே வேண்டுமென்று போட்டாள். "ஒரே மாதிரி வந்தா அந்த ரூம்லயே இருக்கேன்னு சொன்ன வாய் இது. இப்ப என்னத்தச் சொல்ல?"

நான் தட்டை எடுத்து வைத்தேன். வெகுநேரமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"ம்மா. எரிமலைதான்னு ஒத்துக்கங்க."

"என்னடி சொல்ற?"

"வெளிக்காத்துலதான் பாதரசம்னு அவங்களே பலகைல ஒட்டியிருக்காங்கல்ல. அந்த ரூம்ல பெரிய ஃபேன் இருக்கே, அது வெளிக்காத்தத்தானே உள்ள இழுக்குது? மேல்மாடில லேபிள் ஒட்ற ரூம்ல ஏர்கான். சன்னல் எல்லாம் மூடியிருக்கு. வெளிக்காத்து வராது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் பள்ளியை விட்டு நின்றதற்காக அவள் இத்தனை நாள் வைத்திருந்த வருத்தம் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்துவிட்டாள். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு எவ்வளவு கள்ளத்தனம் பாரு."

மறுநாள் லிம்மின் அறைக்கு நான் தேநீர் கொண்டு போனபோது அம்மா அங்கே நின்றிருந்தாள். தனக்குத் தெரிந்த மலாயில் மலையைப் பற்றிப் பேசினாள். மலை பொல்லாதது என்றாள். பலகையைப் பார்த்துத்தான் புத்தி வந்தது என்றாள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற அறையில் வேலை செய்ய இப்போது பயமாக இருக்கிறது என்றாள். லிம் ஒட்டிய வரைபடத்தையே அவரிடம் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வார்? கடைசியில் மதிவாணன் சாரைக் கூப்பிட்டு, எரிமலை அடங்கும் வரை செல்லத்துக்குத் தற்காலிக இடமாற்றம் என்று சொன்னார்.

தற்காலிகம் என்ற சொல்லை நாங்கள் யாரும் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

லேபிள் அறையில் அம்மா பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். கை நடுக்கத்தில் முதலில் எல்லாம் கோணல். சூப்பர்வைசர் திட்டினால், "காத்து பலமா இருந்துச்சு," என்பாள். மாதங்கள் போகப் போக லேபிள்கள் நேராயின. வாயில் இரும்புச் சுவை குறைந்தது. குழம்பில் புளி அளவோடு வந்தது. மறுபடியும் சோதித்தபோது, நன்றாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் மகிழ்ச்சியோடு கம்பெனிக்கும் அதைத் தெரிவித்தார்.

அங்கேதான் எங்களுக்குப் பிடித்தது சனி.

அந்தச் செய்தி வந்த அன்று லிம்மும் ஐயாசாமி அங்கிளும் கேண்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எரிமலை அடங்கிடுச்சு," என்றார் லிம். "செல்லம் சோதனையில தெரியுது."

"எங்க ஹோமம் சார்," என்றார் ஐயாசாமி அங்கிள்.

"காத்து திசை மாறிடுச்சு."

"மாத்தினது யாரு சார்?"

இருவரும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டார்கள். இருவருமே ஜெயித்தார்கள். கடைசியில் லிம் சொன்னார்: "எப்படியோ அடங்கிடுச்சுல்ல? அப்ப செல்லம் திங்கக்கிழமை பழைய ரூமுக்கு வரட்டும். உங்க புது ஆளுங்களும் அன்னிக்குத்தானே வர்றாங்க? பழகினவ ஒருத்தி கூட இருந்தா நல்லது. பயப்பட ஒண்ணும் இல்லன்னு அவளையே சொல்லச் சொல்லு. கொணமானவ சொன்னா நம்புவாங்க."

துடைத்த மேசையையே நான் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் யோசனைதான் அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. இப்போது அதே யோசனை அவள் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது.

வீட்டில் சொன்னேன். அம்மா திட்டவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள், தண்ணீரை வடித்துவிட்டுக் கேட்டாள்: "புதுசா வர்றவங்க யாரு?"

"நேப்பாள்காரங்களாம். சின்னப் பசங்க."

"கல்யாணம் ஆகியிருக்குமா?"

"தெரியலம்மா."

அவள் அரிசியை அடுப்பில் ஏற்றினாள்.

*

திங்கட்கிழமை காலை ஐயாசாமி அங்கிளின் வேனிலிருந்து புதியவர்கள் இறங்கினார்கள். உடைக்கும் அறைக்கு முன்னால், முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். எல்லோருக்கும் புது நீலச் சட்டை. மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் தேநீர்த் தட்டோடு போனேன். ஒருவன் இரண்டு கையாலும் குவளையை வாங்கி, தலையைக் குனிந்து நன்றி சொன்னான். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

லிம் மலாயில் பேசினார்; கொஞ்சம் மலாய் தெரிந்த ஒன்றிரண்டு பேர் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பாதுகாப்பு, பூமியைக் காப்போம், பச்சை இலை. காற்றில் வருகிற இயற்கைப் பாதரசத்தைப் பற்றி வதந்தி ஏதும் கேட்டால் பயப்பட வேண்டாம், எரிமலை அடங்கிவிட்டது என்றார். பிறகு அம்மாவை முன்னால் கூப்பிட்டார். "இந்த அக்காவப் பாருங்க. நோய் வந்துச்சு, போயிடுச்சு. இன்னிக்கு உங்களோட உள்ள வர்றாங்க. சொல்லு செல்லம்."

அம்மா அவர்கள் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். நடுக்கம் குறைந்திருந்ததே தவிர, போய்விடவில்லை. விரல் நுனியில் அது இன்னும் இருந்தது. பையன்கள் சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தார்கள்.

அம்மா திரும்பி, உடைக்கும் அறையின் கதவைக் காட்டினாள்.

"குனோங் பெராப்பி," என்றாள். பிறகு தன்னிடம் இருந்த மலாய் முழுவதையும் சேர்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மலை சுமத்ராவில் இல்லை. மலை இந்த அறைக்குள் இருக்கிறது. ஆறு வருடம் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே போனேன், உடம்பு சரியானது. உள்ளே போனால் மறுபடியும் இதுதான்.

நீட்டிய கைகளை அவள் மடக்கவில்லை.

குவளையைத் தலை குனிந்து வாங்கினவன் மற்றவர்களிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். எல்லோரும் ஒரே சமயத்தில் இரண்டடி பின்னால் போனார்கள். அதில் ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"ஏய் செல்லம்!" ஐயாசாமி அங்கிள் வேன் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். "என்ன உளர்ற? கஷ்டப்பட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன். எரிமலை எப்படிடி ரூமுக்குள்ள வரும்?"

"கடல் தாண்டி ஜோகூர் வரைக்கும் வருதாம்ல அண்ணே. கதவு தாண்டி வராதா?"

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் மதிவாணன் சாரைப் பார்த்தான். அவருடைய சட்டையில் பாதுகாப்பு என்று மலாயில் எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு, இந்த அக்கா சொல்வது நிஜமா என்று கேட்டான்.

லிம்மும் அவரைப் பார்த்தார். எரிமலையே இல்லை என்று லிம்மால் சொல்ல முடியாது. அவருடைய வரைபடம் இன்னும் கேண்டீன் பலகையில்தான் இருந்தது. எரிமலை உண்டு, ஆனால் உள்ளே வராது என்றும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அம்மாவை எதற்காக மாற்றினார்? அவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மதி, உள்ள வர்றதுக்கு சான்ஸ் இருக்கா?"

மதிவாணன் சார் தரையைப் பார்த்தார். இந்த முறையும் அப்படியே நின்றுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இருக்கு சார்," என்றார். பிறகு நிமிர்ந்து, கேட்டவனின் முகத்தைப் பார்த்து மலாயில் சொன்னார். "அக்கா சொல்றது நிஜம். உள்ளதான் இருக்கு."

"நிறுத்த முடியுமா?" என்று லிம் கேட்டார்.

"முடியும். மெஷின்களுக்கு மேல மூடி போடணும். ஆவிய இழுக்கிற குழாய் வேணும். அதுக்குக் கரி வடிகட்டி. நான் வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

லிம் யோசித்தார். "அது எரிமலைக்கு உதவுமா?"

மதிவாணன் சாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. சிரிப்பா, அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எரிமலைக்குத்தான் சார் அது," என்றார்.

"அப்ப போட்டுடுங்க," என்றார் லிம். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "போடற வரைக்கும் ரூம மூடி வைங்க. இயற்கை விஷயத்துல நாம அலட்சியமா இருக்கக் கூடாது லா."

ஐயாசாமி அங்கிள் சத்தம் போடாமல் வேனின் கதவைத் திறந்து வைத்தார். யாரும் ஏறவில்லை. முதலில் மெஷின்களுக்கு மூடி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தரையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மதிவாணன் சார் உடைக்கும் அறையின் கதவை இழுத்துச் சாத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவை எங்கே போகச் சொல்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. மேல்மாடிக்குப் போகிற படியில் ஏற ஆரம்பித்தாள். பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன நிக்கிற? எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டா. சீனி கம்மியா."

நான் படியேறினேன்.